சிறிய மெட்ரோ பகுதியில் யார் யார் வாழ்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது எப்படி

அமெரிக்காவின் சிறிய மெட்ரோ பகுதி ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டுமா, முதலில் எல்லையைப் பாருங்கள். குறைந்தது 50,000 பேர் வாழும் நகர்ப்புற மையம், அதோடு வேலைக்காக அங்கே நிறையப் பேர் போய்வரும் சுற்றுக் கவுண்டிகள் (நம்மூர் மாவட்டம் மாதிரியான பிரிவுகள்), எல்லாம் சேர்ந்ததுதான் மெட்ரோ. நகரத்தின் எண்ணிக்கையை மட்டும் எடுத்தால் புறநகர் மக்கள் விடுபட்டுப்போவார்கள்.

அப்புறம், அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அமைப்பான சென்சஸ் பீரோ ஆண்டுதோறும் நடத்தும் ஏசிஎஸ் (அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே) என்ற மாதிரிக் கணக்கெடுப்பில் ஓராண்டுத் தரவு 65,000 பேராவது உள்ள இடங்களுக்குத்தான் வரும், அதனால் சின்னச் சின்ன சமூகங்களுக்கு ஐந்தாண்டுத் தரவையே எடுங்கள், பிழை வரம்பையும் (எண் எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதையும்) கட்டாயம் பாருங்கள்: 300 பேர், பிழை 250 என்றிருந்தால் அந்த எண்ணை நம்பி எதுவும் சொல்லக்கூடாது.

பெரிய கல்லூரி இருக்கிறதா? விடுதி மாணவர்களும் அங்கேயே கணக்கில் வருவதால் இடைநிலை வயது (பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ் இருக்கும் வயது) சட்டென்று இறங்கிவிடும். சிறைக் கைதிகளும் சிறை இருக்கும் இடத்திலேயே கணக்கில் வருவார்கள். கடைசியாக, ஏசிஎஸ் தரவில் இருக்கும் வீட்டில் பேசும் மொழி அட்டவணையைத் திறந்து பாருங்கள், அங்கே எந்தெந்தச் சமூகங்கள் வாழ்கின்றன என்பதற்கு அதுவும் ஒரு துப்பு.