விலை மணக்காது: காஸ்ட்லி சென்ட் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

சித்தப்பா மகனின் கல்யாண ரிசப்ஷனுக்கு, முந்தின வாரம்தான் வாங்கியிருந்த பிரெஞ்சு சென்ட்டை அடித்துக்கொண்டு போனேன். விலையைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும் என்பதால் இங்கேயும் சொல்லவில்லை. மண்டப வாசலில் அத்தை என் கையைப் பிடித்தார். மூக்கைச் சுருக்கி ஒரு தரம் இழுத்தார். "என்னடா இது, வெட்டிவேர் தண்ணி வாசனை வருது? பானைக்குள்ள கைய விட்டியா?"

அத்தையின் மூக்கில் தப்பே இல்லை. அது வெட்டிவேர்தான். பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் 'வெத்திவேர்' நம்மிடமிருந்து போன சொல். கெர்லான் கம்பெனி அந்தப் பெயரிலேயே 1959இல் போட்ட சென்ட் இன்றைக்கும் விற்கிறது. சென்ட்டுக்குப் போகும் வெட்டிவேர் எண்ணெயில் பெரும்பங்கு இப்போது கரீபியன் நாடான ஹைட்டியிலிருந்து வருகிறது. அங்கே வேரைப் பிடுங்கி, காய்ச்சி, பிரான்ஸுக்கு அனுப்பி, பாட்டிலில் அடைத்து, விமான நிலையக் கடை வழியாக என் சட்டைக்கு வந்து சேர்ந்த சரக்கை, அத்தை ஒரே மூச்சில் நாட்டு மருந்துக் கடைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்.

நான் செய்த தவறு, நான் அடித்திருப்பதன் விலை அடுத்தவர் மூக்குக்குத் தெரியும் என்று நினைத்தது. கைக்கடிகாரத்தில், கைப்பையில், காரின் மூக்கில் கம்பெனி பெயர் வெளியே தெரிகிறது. சென்ட்டில் மட்டும் பெயர் பாட்டிலோடு வீட்டிலேயே நின்றுவிடும். எதிரில் நிற்பவருக்கு வந்து சேர்வது வெறும் வாசனை, அதை அவர் தனக்குத் தெரிந்த வாசனைகளோடுதான் பொருத்திப் பார்ப்பார். சந்தனமும் பிசினும் கலந்த சென்ட் நம் ஊரில் பல பேருக்கு ஊதுபத்தி. 'ஊத்' என்று இன்று பாரிஸ் கம்பெனிகள் எல்லாம் பாட்டிலில் பெருமையாகப் போட்டுக்கொள்வது நம் பழம்பாடல்களில் புகையும் அகில். (அப்படி எழுதியிருக்கும் பல பாட்டில்களில் அகில் எண்ணெய் இருக்காது. ஆய்வகத்தில் கட்டிய அகில் சாயல்தான் இருக்கும்.)

விதிவிலக்கு உண்டு. சில சென்ட்டுகள் அடையாளம் தெரிகிற அளவுக்குப் பிரபலமாகிவிடும். 2015இல் வழக்கமான விற்பனைக்கு வந்த பக்காரா ரூஜ் 540 அப்படித்தான். குங்குமப்பூவையும் கருகின சர்க்கரையையும் சேர்த்த மாதிரி ஒரு வாசனை, ஆள் லிஃப்ட்டை விட்டு இறங்கின பிறகும் லிஃப்ட்டுக்குள் நிற்கும். தெரிந்தவர்கள் 'ஓ, அதுவா!' என்பார்கள். ஆனால் பேர் வாங்கிய மறுநாளே நகல் வந்துவிடுகிறது. வாசனை யாருக்கும் சொந்தம் என்று சொல்வது சட்டத்திலும் கஷ்டம். 2006இல் பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் சென்ட் வாசனைக்குப் பதிப்புரிமை கிடையாது என்றது. அதே மாதம் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம், இருக்கலாம் என்று நேர்மாறாகச் சொன்னது. வழக்கு போகிற போக்கில் போகட்டும் என்று அமீரகக் கம்பெனிகள் பாட்டிலை நிரப்பிக்கொண்டே இருக்கின்றன. க்ரீட் கம்பெனியின் காஸ்ட்லி சென்ட்டான அவென்டஸ் அடிப்பவரையும், அதை ஒட்டி வந்ததாக ஊரே பேசும் அர்மாஃப் கம்பெனியின் கிளப் டி நுயி இன்டென்ஸ் அடிப்பவரையும் லிஃப்ட்டில் பக்கத்தில் நிற்கிறவர் பிரித்துச் சொல்வது கடினம். அவென்டஸின் விலையோ மற்றதைப் போலப் பல மடங்கு.

அப்புறம், அந்த விலை உள்ளே இருக்கும் திரவத்தின் விலை என்று நம்புவது. இது கொஞ்சம் பழைய கதை. துணி தைத்து விற்ற பாரிஸ் முதலாளிகளில் முதலில் சென்ட்டுக்குள் இறங்கியவர் போல் புவாரே, 1911இல். ஷனெல் நம்பர் 5 வந்தது 1921இல். எனக்குப் பிடித்த கதை ஜான் பட்டூவினுடையது. 1929இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தபோது அவரிடம் கவுன் தைத்துக்கொண்டிருந்த அமெரிக்கப் பணக்காரப் பெண்கள் வருவது குறைந்தது. அவர் விலையைக் குறைக்கவில்லை. 'ஜாய்' என்று ஒரு சென்ட்டை இறக்கி, உலகத்திலேயே விலை உயர்ந்த சென்ட் என்று விளம்பரம் செய்தார். ஒரு அவுன்ஸுக்கு 10,600 மல்லிகையும் 28 டஜன் ரோஜாவும் என்று கணக்கு வேறு. கவுன் வாங்க முடியாதவர்கள் பட்டூவின் பெயரையாவது வாங்கிக்கொள்ளலாம். காஸ்ட்லி என்ற சொல்லே அங்கே சரக்கு.

இன்றும் வியாபாரம் அதேதான். ஷனெல் கைப்பை லட்சங்களில். அதே பெயர் போட்ட சென்ட் பாட்டில் ஆயிரங்களில். அந்தக் கடைக்குள் நுழைய இருக்கும் வாசல்களில் இதுதான் குறுகலானது, ஆனால் வாசல். முதல் சம்பளத்தில் சென்ட் வாங்குகிற பையனைப் பார்த்தால் எனக்குக் கேலி செய்யத் தோன்றாது. காலையில் அந்த மூடியைத் திறக்கும்போது 'டக்' என்று வரும் சத்தத்துக்காகவே வாங்குகிறான். அவன் சேதி சொல்வது ஆபீஸுக்கு அல்ல, கண்ணாடியில் தெரிகிற ஆளுக்கு. அது தெரிந்து வாங்கினால் பணம் வீணில்லை. மேனேஜர் மதிப்பார் என்று வாங்கினால்தான் வீண்.

பெயர்களிலும் ஏமாறக்கூடாது. ஷனெல் தன் சென்ட்டைத் தானே செய்கிறது, பிரான்ஸின் கிராஸ் ஊரில் தனக்கென்று பூத்தோட்டமும் வைத்திருக்கிறது. ஆனால் பல ஃபேஷன் கம்பெனிகள் பெயரை மட்டும் உரிமத்துக்கு விட்டிருக்கின்றன. அர்மானி பாட்டில் லோரியாலிடமிருந்து வருகிறது, பர்பெரியும் ஹ்யூகோ பாஸும் கோட்டி என்ற கம்பெனியிடமிருந்து. வாசனையைக் கலந்து கொடுப்பது பெரும்பாலும் ஜிவாடான், சிம்ரைஸ் போன்ற கம்பெனிகள். இதே கம்பெனிகள்தான் ஷாம்பூவுக்கும் சலவைத்தூளுக்கும் வாசனை கலக்கின்றன. நம் ஊர்த் தொடர்பும் உண்டு. சத்தியமங்கலம், கோவைப் பக்கத்து மல்லிகையும் ஜாதிமல்லியும் சாறாகி அந்த உலகத்துக்குப் போகின்றன. விடியுமுன் பறித்த பூவைக் கரைப்பானில் ஊற வைத்து மெழுகு மாதிரி ஒன்றை எடுப்பார்கள், அதைச் சாராயத்தில் கழுவினால் சாறு. ஒரு கிலோ சாறுக்குப் பல நூறு கிலோ பூ வேண்டும். அப்படிப்பட்ட சாறும் ஒரு பாட்டிலுக்குள் துளிக்கணக்கில்தான் போகிறது. பாட்டிலில் பெரும்பகுதி ஆல்கஹால்.

கடையில் நடக்கும் தவறுக்கு வருவோம். டெஸ்டரை அட்டைத் துண்டில் அடித்து, ஒரு முகர்வு, 'சூப்பரா இருக்கு', கார்டைத் தேய்த்தாயிற்று. முதல் பத்து நிமிஷம் நாம் முகர்வது சீக்கிரம் பறக்கும் எலுமிச்சை, ஆரஞ்சு வகையறா. விற்பனைப் பெண் பேசி முடிக்கும்வரை அழகாக இருக்கவென்றே கட்டியது. நாள் முழுக்க நம்மோடு இருக்கப்போவது அதற்கு அடியில் உள்ளது. மணிக்கட்டில் ஒன்று அடித்துக்கொண்டு வெளியே போய்விடுங்கள். சாப்பிடுங்கள், வெயிலில் நடங்கள், பஸ் ஏறுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் கழித்தும் பிடித்தால் திரும்பிப் போகலாம். கடையில் ஏசி 22 டிகிரி, சென்னை மே மாதம் 40. குளிர் நாட்டுக்குக் கட்டிய தித்திப்புச் சென்ட் நம் வெயிலில் அல்வாக் கடை வாசலாகிவிடும். மணிக்கட்டுகளைச் சேர்த்துத் தேய்க்கவும் வேண்டாம், சூட்டில் மேல் வாசனை இன்னும் சீக்கிரம் ஓடும். மூக்கைத் தெளியவைக்க என்று கடையில் நீட்டும் காப்பிக்கொட்டைக் கிண்ணம் வெறும் சடங்கு. மூக்கு அலுத்தால் வெளியே போய்க் காற்று வாங்கினால் போதும்.

'காலையில் அடிச்சேன், பதினோரு மணிக்கே போயிடுச்சு' என்று மறுபடி நாலு அடி அடிப்பார்கள். அது போகவில்லை. ஒரே வாசனை தொடர்ந்து வந்தால் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். நம் வீட்டு வாசனை நமக்குத் தெரியாமல் விருந்தாளிக்குத் தெரிகிறதே, அதே விஷயம். நமக்கு ஒன்றுமில்லை, பக்கத்து சீட்டுக்காரருக்குத் தலைவலி மாத்திரை. ஒருவேளை சென்ட் எதையாவது சத்தமாகச் சொல்கிறது என்றால் அது இதுதான்: இந்த ஆளுக்கு அளவு தெரியாது. இரண்டு அடி போதும். சந்தேகமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள்.

மற்றவை சில்லறைத் தவறுகள். பாட்டிலில் ஈடிடி (ஓ டி டாய்லெட்) என்றிருந்தால் மட்டம், ஈடிபி (ஓ டி பர்ஃபம்) என்றிருந்தால் உசத்தி என்பது ஒன்று. ஈடிடியில் வாசனைப் பொருள் சுமார் 5 முதல் 15 சதவீதம், ஈடிபியில் 15 முதல் 20 என்பார்கள். அது அடர்த்திக் கணக்கு, தரக் கணக்கு அல்ல. நம் வெயிலுக்கு ஈடிடியே நிம்மதி. பாதி விலைக்கு 'ஒரிஜினல், பாக்ஸ் மட்டும் இல்லை' என்று யாராவது சொன்னால் உள்ளே இருப்பது என்னவென்று கடவுளுக்கே வெளிச்சம், தோலில் அடிப்பது என்பதை நினைவில் வையுங்கள். முகராமல் அடுத்தவருக்கு சென்ட் பரிசளிப்பது சட்டை அளவு கேட்காமல் துணி எடுக்கிற மாதிரி.

இன்னொன்று, நல்ல நாளுக்கென்று எடுத்து வைப்பது. சென்ட்டுக்கு வெயிலும் சூடும் காற்றும் ஆகாது. கார் டேஷ்போர்டும் பாத்ரூம் அலமாரியும் எமன். பீரோ இருட்டு, பரவாயில்லை, ஆனால் வருஷக்கணக்கில் வைத்தால் அங்கேயும் மாறும், திறந்த பாட்டில் என்றால் இன்னும் சீக்கிரம்.

எங்கள் மாமா மஸ்கட்டிலிருந்து முதல் லீவில் வந்தபோது அம்மாவுக்கு ஒரு சென்ட் பாட்டில் கொண்டுவந்தார். அன்றைக்கே ஆளுக்கு ஒரு அடி. பிறகு அது பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே, நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் போய்விட்டது. யார் வீட்டுக்கு வந்தாலும் எடுத்துக் காட்டுவார், அடிக்க மாட்டார். அக்கா கல்யாணத்தன்று காலையில்தான் மறுபடி வெளியே வந்தது. திரவம் தேநீர் நிறம். பழைய வார்னிஷ் நெடியும் பாச்சை உருண்டை வாசனையும்தான் வந்தது. "ஃபாரின் சென்ட்" என்றார் அம்மா. பெரியம்மா, சித்தி, மாப்பிள்ளை வீட்டு அம்மாள் என்று வரிசையாக முந்தானையை நீட்டினார்கள்.