பஸ் ஏறிப் போய் அழகர்மலைக் காட்டில் நடக்கலாம்

மதுரையில் இருந்துகொண்டே காட்டுக்குள் நடக்க, கார் தேவையில்லை. பெரியார் பஸ் ஸ்டாண்டிலோ மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலோ அழகர்கோவில் டவுன் பஸ் ஏறுங்கள். சுமார் 21 கிலோமீட்டர். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது.

பதினெட்டாம்படிக் கருப்பசாமியைக் கும்பிட்டுவிட்டு, கோயிலை ஒட்டி மலைக்கு ஏறும் பாதையைப் பிடியுங்கள். முதலில் பழமுதிர்சோலை முருகன், அதற்கும் மேலே நூபுரகங்கைத் தீர்த்தமும் ராக்காயி அம்மன் கோயிலும். மேலே வரை வண்டி போகிறது. ஆனால் ஏறும்போது மட்டுமாவது நடந்து பாருங்கள். இருபுறமும் மரங்கள் கவிந்திருக்கும். காலை நேரத்தில் பறவைச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் காதில் விழாது. வளைவுகளில் வண்டி வரும், ஓரமாகவே நடங்கள்.

குரங்குகள் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். கையில் பாலிதீன் பை தொங்கினாலே பிடுங்க வந்துவிடும். தண்ணீர், தின்பண்டம் எல்லாம் தோள்பைக்குள் போகட்டும். அவற்றுக்குத் தயவுசெய்து எதுவும் கொடுக்காதீர்கள், நாம் கொடுத்துப் பழக்கியதால்தான் இப்படிப் பறிக்கின்றன.

மாற்றுத்துணி ஒன்று எடுத்துக்கொண்டால் நூபுரகங்கைத் தீர்த்தத்தில் குளித்துவிட்டு இறங்கலாம். பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்க வேண்டாம், அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். சித்திரைத் திருவிழா சமயத்தில் கூட்டம் நெரியும், அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

அப்புறம், கீழே வந்ததும் அழகர்கோவில் தோசைப் பிரசாதம் கிடைக்கிறதா என்று கேளுங்கள். நடந்த பசிக்கு அந்த மொறுமொறுப்பு அவ்வளவு நன்றாக இருக்கும்.