ட்ரோஸ்டே வெள்ளிக்காசு: வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனி 2022-இல் வெளியிட்ட 20 யூரோ வெள்ளி நாணயங்களில் ஒன்று, கவிஞர் அன்னெட்டே ஃபொன் ட்ரோஸ்டே-ஹ்யூல்ஸ்ஹோஃப் பிறந்து 225 ஆண்டுகள் ஆனதற்காக அடித்தது. 1797-இல் மியூன்ஸ்டர் நகருக்குப் பக்கத்தில் அகழி சூழ்ந்த ஒரு கோட்டை வீட்டில் பிறந்தவர். 1848-இல் போடன்சே ஏரிக்கரையில், மேர்ஸ்பர்க்கில் காலமானார். கடுமையான கிட்டப்பார்வைக்காரர். கண்ணருகே பிடித்தால் நுணுக்கமான பொருளும் துல்லியமாகத் தெரியுமாம். பழங்காசு, புதைபடிவம், கல் எல்லாம் சேர்த்தவரும்கூட. காசு சேர்த்தவருக்கே ஒரு காசு!

இதை வாங்குபவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம், ‘யூரோ’ என்ற சொல். நினைவு நாணயங்களில் யூரோ புழங்கும் எல்லா நாட்டிலும் செல்லுவது 2 யூரோ மட்டும்தான். இந்த 20 யூரோ ஜெர்மனிக்குள் மட்டுமே சட்டப்படி செல்லும். பாரிஸிலோ ரோமிலோ கடைக்காரர் வாங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. அதே 2 யூரோ பழக்கத்தில் இன்னொரு குழப்பமும் வருகிறது. அது பெர்லின், மியூனிக், ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹே, ஹாம்பர்க் என ஐந்து நாணயச்சாலைகளிலும் அடிக்கப்படுகிறது; ஒவ்வொன்றும் தன் அடையாள எழுத்தைப் பொறிப்பதால் ஐந்து எழுத்துக்கும் ஒன்றாகச் சேர்ப்பார்கள். ட்ரோஸ்டே காசு ஒரே நாணயச்சாலையில் அடித்தது. ‘ஐந்தும் சேர்ந்த செட்’ என்று யாராவது விற்றால் விலகிவிடுங்கள்.

இந்தக் காசு சாதாரணம், ப்ரூஃப் என இரண்டு வகையில் வந்தது. ப்ரூஃப் என்றால் ‘நல்ல நிலையில் உள்ள காசு’ என்று அர்த்தமில்லை. அது அடிக்கும் முறை. கண்ணாடிபோல் மின்னும் தளம், மங்கலாகத் தெரியும் உருவம். சாதாரண வகை முகமதிப்பான 20 யூரோவுக்கே வெளியானது. ப்ரூஃபுக்குத்தான் கூடுதல் விலை. விற்பவர் எதை விற்கிறார் என்று கேட்காமல் ப்ரூஃப் விலை கொடுப்பவர்கள் நிறைய. தங்க முலாம் பூசியோ வண்ணம் அச்சிட்டோ வருபவை வெளியானபின் வியாபாரிகள் செய்த வேலை. எனக்கு அவை கெட்டுப்போன காசுகள்.

வெள்ளிக் கணக்கையும் போடாமல் வாங்காதீர்கள், விற்காதீர்கள். எடை 18 கிராம், தரம் 925, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. ஆகச் சுத்த வெள்ளி 16.65 கிராம். ஒரு கிராம் வெள்ளி சுமார் 1.20 யூரோவைத் தாண்டினால் உலோக மதிப்பே முகமதிப்பை முந்திவிடும். அன்றைய விலையைப் பார்க்காமல் 20 யூரோவுக்குத் தள்ளிவிடுவதும் தவறு, அரிய பொருள் என்ற பேச்சை நம்பிப் பல மடங்கு கொடுப்பதும் தவறு. தராசும் அளவுகோலும் கையில் இருக்கட்டும்: விட்டம் 32.5 மில்லிமீட்டர், கழுகு உள்ள பக்கத்தில் 925 என்ற வெள்ளி முத்திரை, விளிம்பில் எழுத்து.

எல்லாவற்றையும்விடப் பெரிய நாசம் வீட்டில்தான் நடக்கிறது. காசு கறுத்துவிட்டதென்று விபூதி, புளி, பற்பசை, பீதாம்பரி என்று கைக்குக் கிடைத்ததைப் போட்டுத் தேய்ப்பது. குத்துவிளக்குக்கு அது சரி. ப்ரூஃப் காசைப் பருத்தித் துணியால் ஒருமுறை துடைத்தாலே, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது மயிரிழைக் கீறல்கள் தெரியும். அவை போகவே போகாது. கறுப்பு என்பது வெள்ளியும் காற்றிலுள்ள கந்தகமும் சேர்ந்து படியும் படலம். மெல்ல, சீராகப் படிந்தால் அழகுதான், சேகரிப்பாளர்கள் அதை ‘டோனிங்’ என்று விரும்பியே வாங்குவார்கள். கந்தகம் ரப்பர் பேண்டிலும் உண்டு, ஆகவே காசுப் பொட்டலத்தில் அதைச் சுற்றாதீர்கள். பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஆல்பம் இன்னும் மோசம். சில வருடங்களில் பச்சையாக, பிசுபிசுவென்று ஒன்று படியும். அப்படிப் படிந்தால் தேய்க்காமல், சுத்த அசிட்டோனில் முக்கி எடுத்து, காற்றில் தானாக உலர விடலாம். தீப்பற்றும் திரவம், சமையலறையில் வேண்டாம். காசை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள். வந்த கேப்ஸ்யூலிலேயே (பிளாஸ்டிக் கூட்டிலேயே) இருந்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

கடைசியாக, ‘ட்ரோஸ்டே இருபது’ என்று இணையத்தில் தேடினால், யூரோவுக்கு முந்தைய ஜெர்மன் பணமான மார்க்கின் 20 மார்க் நோட்டும் வரும். 1990-களில் புழங்கிய அந்த நோட்டின் முகப்பிலும் இவர்தான். 5 மார்க் நோட்டில் இருப்பவர் பெட்டினா ஃபொன் ஆர்னிம். அவரை இவரென்று எண்ணி வாங்காதீர்கள். கிழிந்த, அழுக்கான 20 மார்க் நோட்டுக்குச் சேகரிப்பு விலை கேட்டால் கொடுக்க வேண்டாம்: ஜெர்மன் மத்திய வங்கி மார்க்கை இன்றும் மாற்றித் தருகிறது, அங்கே அதற்குக் கிடைப்பது 10.23 யூரோ.