வடசென்னையில் கதிர்த்திருப்ப நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டின் மிக நெடிய பகல், அதாவது வடக்கே நகர்ந்துவந்த சூரியன் தெற்கு நோக்கித் திரும்பும் கதிர்த்திருப்ப நாள், ஜூன் 21 ஆம் நாளை ஒட்டி வருகிறது. அந்நாளை ஆரவாரமின்றி, மனம் ஒன்றி, ஓர் எளிய சடங்கால் சிறப்பிக்க விரும்புவோர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து முளைக்கின்றன. நம் தலைக்கு மேல் சூரியன் எங்கே நிற்கிறது என்று பார்க்காமலேயே, வேறு நாட்டுச் சடங்கை அப்படியே எடுத்துக்கொள்கிறோம்.

ஐரோப்பாவின் வடபகுதியில் அன்று நள்ளிரவிலும் வானம் முழுதாக இருள்வதில்லை; நீண்ட பனிக்காலத்தைக் கடந்து வந்த மக்கள் வெட்டவெளியில் பெருநெருப்பு மூட்டிக் கொண்டாடுவதில் பொருள் இருக்கிறது. சென்னையிலோ அன்றைய பகல் ஏறத்தாழ 12 மணி 53 நிமிடம்தான். டிசம்பரின் மிகக் குறுகிய பகலுக்கும் இதற்கும் ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. தண்டையார்பேட்டையின் நெருக்கமான தெருவொன்றில், மொட்டை மாடியில் விறகடுக்கித் தீ மூட்டுவது இடத்துக்கும் பொருந்தாது, அண்டை வீட்டாருக்கும் நல்லதன்று.

அதைவிட ஆழமான தவறு, அன்று நண்பகலில் சூரியன் நம் உச்சிக்கு நேர் மேலே இருக்கும் என்று எண்ணுவது. சென்னையில் சூரியன் உச்சியைக் கடப்பது ஏப்ரல் 24 வாக்கில் ஒரு முறை, ஆகஸ்ட் 18 வாக்கில் மறுமுறை. ஜூன் 21 அன்று அது உச்சியிலிருந்து பத்துப் பாகைக்குச் சற்று அதிகமாக வடக்கே விலகி நிற்கிறது. ஆதலால் ஆண்டின் பெரும்பகுதியும் வடக்கே விழும் நண்பகல் நிழல், அன்று தெற்கே விழுகிறது. செங்குத்தாக நிறுத்திய ஒரு மீட்டர்க் கோலின் நிழல் தெற்கு நோக்கிச் சுமார் 18 சென்டிமீட்டர் நீளும். ஐரோப்பாவில் எந்த நாளிலும் காண முடியாத காட்சி இது. கண்ணெதிரே இப்படி ஒன்று நிகழும்போது, அந்த நிழலருகே பத்து நிமிடம் பேசாமல் அமர்ந்திருப்பதைவிடச் சிறந்த சடங்கு நமக்குத் தேவையில்லை என்பதே என் உறுதியான எண்ணம்.

அதைச் செய்யும்போதும் சில பிழைகள் நேரும். முதல் ஆண்டில் நான் கடிகாரம் 12 காட்டியவுடன் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டேன். நிழல் நேர்தெற்கே விழாமல் சற்று மேற்கே சாய்ந்திருந்தது. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது, சென்னை அதற்கு மேற்கே இருக்கிறது. எனவே அன்று நமக்கு உண்மையான நண்பகல் 12 மணி 10 நிமிட அளவில்தான் வருகிறது. மொட்டை மாடித் தளமும் மட்டமாக இராது. மழைநீர் வடிவதற்காக வாட்டம் விட்டே போட்டிருப்பார்கள். பழைய பெயிண்ட் வாளியில் மணல் நிரப்பிக் கோலை நட்டு, கொத்தனாரின் தூக்குக்குண்டால் செங்குத்தைச் சரிபார்த்து, கீழே ஒரு பலகையை மட்டம் பார்த்து வைத்துவிட்டால் போதும். கோல் ஒரு பாகை சாய்ந்தாலும் நிழலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மாறிவிடும்.

வெறுங்காலுடன் செய்தால்தான் பக்தி என்று நினைக்க வேண்டாம். நண்பகலில் அந்தத் தளம் பாதத்தைப் பொசுக்கிவிடும். சூரியனை வெறுங்கண்ணால் உற்றுநோக்கும் பழக்கம் விழித்திரையை நிரந்தரமாகப் பழுதாக்கக்கூடியது. அதை எந்தப் பெயரிலும் செய்யக் கூடாது. முதியவர்கள் தண்ணீர்கூட அருந்தாத விரதத்தோடு வெயிலில் அமர்வதும் ஆகாது. பக்கத்தில் ஒரு சொம்பு நீர்மோர் இருப்பதால் சடங்குக்கு எந்தக் குறையும் வராது.

விடியலைக் காணக் காசிமேட்டுத் துறைமுகத்துக்குள் அமைதி தேடிச் செல்வோரும் உண்டு. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 அன்று முடிகிறது. இரண்டு மாதம் கரையில் கிடந்த விசைப்படகுகள் மீண்டும் கடலுக்குப் போய்வரும் முதல் வாரம் அது. ஏலக் குரல்களுக்கும் ஐஸ் பெட்டிகளுக்கும் நடுவே கண்மூடி அமர்ந்தால், உழைப்பவர்களின் வழியை மறித்தவர்களாவோம். திருவொற்றியூர்க் கரையில், கடலரிப்பைத் தடுக்கப் போட்ட பாறைகளின் மேல் ஏறாமல், சாலையோரமாக நின்றாலே போதும். ஐந்தே முக்கால் மணியளவில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே தள்ளி, எண்ணூர்ப் பக்கமாகச் சாய்ந்து எழுவதைப் பார்க்கலாம். வானம் மூடியிருந்தால் மறுநாள் செல்லலாம். அந்த வாரம் முழுவதும் பகலின் நீளம் சில வினாடிகளே மாறுவதால், நாள் தவறிவிட்டதே என்று வருந்த வேண்டியதில்லை.

வீட்டுப் பெரியவர்களோடு பஞ்சாங்கத்தை முன்னிட்டு வாதிடுவதும் வேண்டாத வேலை. தட்சிணாயனம் ஆடி முதல் நாளில்தான் பிறக்கிறது என்று அவர்கள் சொல்வது மரபுக் கணக்கு. புவியின் அச்சு மெல்லச் சுழல்வதால் ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகி, இன்று அது கதிர்த்திருப்பத்துக்கு மூன்றரை வாரத்துக்கும் மேல் பின்தங்கி நிற்கிறது. ஜூனில் நிழலையும் ஆடியில் அவர்களோடு பண்டிகையையும் வைத்துக்கொள்வதில் முரண் ஏதும் இல்லை.

கோடு போட்ட பலகையை மழையில் விட்டுவிடாமல், சாக்பீஸ் குறியின் மேல் எனாமல் பெயிண்டால் ஒரு கீற்று இழுத்து, பரணில் ஏற்றி வையுங்கள். டிசம்பர் 21 அன்று 12 மணி 7 நிமிடத்துக்கு அதே கோலின் நிழல் வடக்கே 74 சென்டிமீட்டர் நீண்டு விழும். அதைக் குறிக்க அந்தப் பலகையிலேயே இடம் விட்டிருக்க வேண்டும்.