எம்.ஜி.பி. காருக்குப் புது எக்ஸாஸ்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் அதிகமாக வெளிவந்த கார் எம்.ஜி.பி. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் இதற்குத்தான் உதிரிபாகம் மிக எளிதாகக் கிடைக்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் குழாய்த் தொகுப்பு) ஒன்றை வரவழைத்து ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாட்டிவிடலாம் என்று தோன்றும். மாட்டவும் முடியும். திங்கட்கிழமை காலையில் வண்டி ஐடிலில் (நின்ற நிலையில் என்ஜின் மெல்ல ஓடும்போது) தடுமாறும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்னால் படபடவென்று வெடிக்கும், மேடுபள்ளத்தில் தரைத்தகட்டை ஏதோ இடிக்கும். பெரும்பாலும் குழாயின் மேல் குற்றம் இருக்காது.

முதலில் ஆசைக்கு ஓர் அளவு வைத்துக்கொள்வது நல்லது. இந்த 1798 சிசி என்ஜினில் சிலிண்டர்கள் நான்கு. புகை வெளியேறும் வாய்களோ மூன்று. நடுவில் உள்ள இரண்டு சிலிண்டர்களும் ஒரே வாயைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பின்னால் எவ்வளவு அகலமான குழாயை மாட்டினாலும் அந்த நெருக்கடி தீராது. குழாய் அளவுக்கு மீறிப் பெருத்தால் குறைந்த சுற்றுகளில் புகையின் ஓட்டம் மந்தமாகி, ஊருக்குள் ஓட்டும்போது இழுவை குறையும். அந்த வாய்களிலிருந்து புகையை வாங்கிப் பின்குழாய்க்கு அனுப்பும் கிளைக்குழாய்தான் மேனிஃபோல்டு. தொழிற்சாலையில் பொருத்திய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டே நல்ல வடிவமைப்புதான். சாலையில் ஓட்டும் வண்டிக்கு அதை மாற்றவே தேவையில்லை என்பது என் கட்சி. சத்தம் கூடியதைச் சக்தி கூடியதாக எண்ணி மகிழ்பவர்களோடு வாதாடிப் பயனில்லை.

அப்படியும் மேனிஃபோல்டை மாற்றுகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இந்த என்ஜினில் காற்று உள்ளே போகும் வாய்களும் புகை வெளியே வரும் வாய்களும் ஒரே பக்கத்தில், ஒரே வரிசையில், மாறி மாறி அமைந்திருக்கின்றன. காற்று போகும் இன்லெட் மேனிஃபோல்டையும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் பொதுவான ஸ்டட்களில் (ஹெட்டில் பதித்த தலையில்லா போல்ட்களில்), இரண்டின் விளிம்பிலும் பாதிப் பாதி உட்காரும் தடித்த வாஷர்கள்தான் பிடித்திருக்கின்றன. குழாய்களை வளைத்துச் செய்த புது மேனிஃபோல்டின் விளிம்பு, பழைய இன்லெட்டின் விளிம்பைவிடச் சற்று மெலிந்தோ தடித்தோ இருந்தால் வாஷர் சாய்ந்துவிடும். நட்டை எவ்வளவு முறுக்கினாலும் ஒரு பக்கம் மட்டுமே அழுந்தும். எக்ஸாஸ்ட் பக்கம் இடைவெளி விட்டால் புகையும் வெடிச்சத்தமும் வரும். இன்லெட் பக்கம் விட்டால் காற்று திருட்டுத்தனமாக நுழைந்து காற்று-பெட்ரோல் கலவை மெலியும், ஐடில் நிற்காது. இதைக் கண்டுபிடிக்காமல், கலவையைத் தயாரிக்கும் கார்புரேட்டரை வாரக்கணக்கில் திருகிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

ஆகவே பொருத்துவதற்கு முன்பே இரு விளிம்புகளின் தடிமனையும் வெர்னியரால் அளந்துவிடுங்கள். வித்தியாசம் இருந்தால் தடித்ததைக் கடைசல் பட்டறையில் இழைத்துச் சமன் செய்யலாம், அல்லது படி வைத்த வாஷர் போடலாம். சிலிக்கான் பசையை அப்பி மறைப்பது வைத்தியம் ஆகாது. நட்டுகளுக்கு 20 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்கு போதும். ஒருமுறை சூடேறி முழுதாக ஆறிய பிறகு மறுபடி சோதிக்க வேண்டும். பெரும்பாலும் கொஞ்சம் தளர்ந்திருக்கும். பழைய ஸ்டட்களைக் கழற்றும்போது அவசரப்படாதீர்கள். துரு நீக்கும் எண்ணெயை முந்தைய நாளே விட்டு ஊற வையுங்கள். ஹெட்டுக்குள் ஒரு ஸ்டட் ஒடிந்தால் ஞாயிற்றுக்கிழமைத் திட்டம் அத்தோடு முடிந்தது.

கார்புரேட்டர்கள் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே இருப்பதால் நடுவிலுள்ள வெப்பத் தடுப்புத் தகடு மிக முக்கியம். புதுக் குழாய்க்கு இடம் போதவில்லை என்று அதை வெட்டுவதும், கழற்றி மூலையில் போடுவதும் பெரிய தவறு. வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் பெட்ரோல் கொதித்து வண்டி கிளம்பாது. பிரிட்டனில் 2021 முதல் சாதாரண பெட்ரோல் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தே வருகிறது. அது இந்தத் தொல்லையைக் கூட்டவே செய்யும்.

அடுத்தது முறுக்கும் வரிசை. பலர் ஒவ்வோர் இணைப்பையும் வந்த இடத்திலேயே இறுக்கிக்கொண்டு போகிறார்கள். கடைசியில் குழாய் கோணலாகி எங்கோ முட்டும். முழுத் தொகுப்பையும் முதலில் தளர்வாகத் தொங்கவிட்டு, நேர்படுத்திய பிறகு, என்ஜின் பக்கத்திலிருந்து பின்னோக்கி இறுக்க வேண்டும். வண்டியைத் தூக்கி வைத்து ஆக்சில் தொங்கும் நிலையில் இடைவெளி பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். சக்கரங்களின் மேல் வண்டியின் எடை இறங்கியிருக்கும்போது பார்த்ததுதான் உண்மையான இடைவெளி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சாதாரண இரும்பைவிட அதிகமாக விரியும்: இரண்டு மீட்டர் குழாய் 200 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நீளும். தொங்கவிடும் ரப்பர்கள் அந்த அசைவுக்கு இடம் கொடுக்க வேண்டும். பழைய ரப்பரையே திரும்பப் போட்டுக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். குழாயை நசுக்கிப் பிடிக்கும் யு வடிவக் கிளாம்ப்பைவிட அகலப் பட்டைக் கிளாம்ப் மேல்; பின்னாளில் கழற்றவாவது முடியும்.

வாங்கும் முன் ஆண்டைப் பாருங்கள். 1975 முதல் அமெரிக்காவுக்குப் போன வண்டிகளில் இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர்களுக்குப் பதிலாக ஒற்றை ஜெனித் ஸ்ட்ராம்பெர்க் இருந்தது. அவற்றின் மேனிஃபோல்டே வேறு. இடப்பக்க ஸ்டீயரிங் வண்டி என்றால் ஸ்டீயரிங் தண்டுக்கும் புது மேனிஃபோல்டுக்கும் உள்ள இடைவெளியையும் விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

எல்லாம் மாட்டியபின் கலவையைச் சரிபார்க்காமல் விடுவது இன்னொரு பிழை. எஸ்.யு. கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மெல்ல உயர்த்துங்கள். என்ஜினின் சுற்று கூடி அப்படியே நிலைத்தால் கலவை செறிவு. உடனே விழுந்தால் மெலிவு. சற்றே ஏறி அடங்கினால் சரி. இது ஐடிலுக்கான சோதனை மட்டுமே. பெட்ரோல் வரும் துளையை ஏற்றி இறக்கும் ஜெட் நட்டைத் திருகுவது கலவையை ஒட்டுமொத்தமாகத்தான் நகர்த்தும்; எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் என்பதை முடிவு செய்வது அந்தத் துளைக்குள் ஏறி இறங்கும் ஊசியின் வடிவம். ஐடிலில் சரியாக இருந்து, ஏற்றத்தில் முழு ஆக்சிலரேட்டரில் திணறினால் ஊசியை மாற்ற வேண்டியிருக்கும். அதற்கு ரோலிங் ரோடு (வண்டியை உருளைகளின் மேல் ஓட்டிச் சோதிக்கும் கருவி) வசதியுள்ள பட்டறைக்குப் போவதே சிக்கனம்.

பின்குழாயின் முனை பம்பருக்கு வெளியே நீண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அழகுக்காகக் குட்டையாக வெட்டினால், ஓடும் வண்டியின் பின்னால் உருவாகும் சுழல்காற்று புகையைத் திறந்த காருக்குள் இழுத்து வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை.

சத்தம் பற்றி ஒன்று. 40 ஆண்டு கடந்த, பெரிதாக மாற்றம் செய்யாத கார்களுக்கு பிரிட்டனில் 2018 முதல் ஆண்டுப் பரிசோதனை கட்டாயமில்லை. ஆனால் சத்தம் கூடும்படி சைலன்சரை மாற்றக்கூடாது என்ற 1986-ஆம் ஆண்டு விதி பழைய கார்களையும் விட்டுவைக்கவில்லை. காவலர் சாலையில் நிறுத்திக் கேட்கலாம்.