திவால் வருமுன் வீட்டுக் கணக்கு

கணவரின் லாரித் தொழில் நொடித்தபோது கடன் என் பெயரிலும் இருந்தது. மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் எதுவும் ஒளியாது. வங்கிக் கடிதம் வந்ததும் ஆளுக்கொரு யோசனை. "வீட்டைத் தம்பி பெயருக்கு மாற்றிவிடுங்கள், அக்கா" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மறுத்துவிட்டேன். திவாலானால் அப்படிக் கைமாறிய சொத்தைச் செல்லாததாக்க முடியும்.

கடன் 100,000 வெள்ளியை (ரிங்கிட்) தொட்டால்தான் திவால் மனு போட முடியும். எங்களுடையது தாண்டியிருந்தது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம் ஏகேபிகே. அதன் ஈப்போ அலுவலகத்துக்குப் போனேன். சேவை இலவசம், முகவர்களுக்குக் காசு அழுவது வீண்.

அவர்கள் கேட்டது வீட்டுச் செலவுப் பட்டியல். அரிசி, பள்ளி வேன், மாமியாரின் சர்க்கரை மாத்திரை, கேஸ் என்று எழுதினேன். கோயில் திருவிழா வரியைச் சேர்க்கக் கூச்சம். "அதுவும் செலவுதானே, எழுதுங்கள்" என்றார் அந்தப் பெண் அதிகாரி. ஆனால் கூட்டுப் பணத்தை, அதாவது பலர் சேர்ந்து பணம் போட்டு முறைவைத்து எடுக்கும் சீட்டை, நானே நிறுத்தினேன். 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த ஒன்று, ஏமாந்தால் கேட்க நாதியில்லை. மளிகைக் கடைப் பற்றையும் மூடி, கையில் காசு இருந்தால் மட்டும் வாங்கினோம்.

சம்பளக் கணக்கைக் கடனில்லாத வங்கிக்கு மாற்றினேன். பழைய வங்கி, நிலுவைக்காகச் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடும். ஊழியர் சேமநிதியை எடுத்துக் கடன் அடைக்க நினைத்த கணவரைத் தடுத்தேன். அங்கே இருக்கும்வரை கடன்காரர்கள் அதைத் தொட முடியாது.

ஏகேபிகே வழியாகத் தவணைகள் ஒன்றாகின, திவால் மனு வரவில்லை. வந்திருந்தால், சிங்கப்பூரிலுள்ள மகளைப் பார்க்கக்கூட திவாலானவர்களைக் கவனிக்கும் நொடிப்புத் துறையின் அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.