எட்டு கோர் என்றால் வேகமான போனா?

பெட்டியின் மேல் ‘ஆக்டா கோர்’ என்று போட்டிருந்தால் போதும், போன் பறக்கும் என்று நம்பி வாங்கிவிடுகிறோம். போனின் மூளையான சிப் விஷயத்தில் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். கோர் என்பது சிப்புக்குள் கட்டளைகளைச் செய்து முடிக்கும் பகுதி. எத்தனை கோர் என்று கேட்பதை விட்டுவிட்டு, எந்த கோர் என்று கேளுங்கள்.

மீடியாடெக் நிறுவனத்தின் ஹீலியோ ஜி35 சிப்பைப் பாருங்கள். 2020-இல் வந்தது. எட்டு கோர், 2.3 கிகாஹெர்ட்ஸ் வேகம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எட்டுமே கார்டெக்ஸ் ஏ53, கோர்களை வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனம் 2012-இல் அறிவித்த வடிவமைப்பு. ஏ53 கட்டளைகளை வந்த வரிசைப்படியே செய்யும். முன்னால் நிற்கும் கட்டளைக்கு மெமரியிலிருந்து தகவல் வரத் தாமதமானால், பின்னால் இருப்பவையும் சும்மா நிற்க வேண்டியதுதான். ஹீலியோ ஜி99-இல் இரண்டு ஏ76 கோர்கள் இருக்கின்றன. ஏ76 அப்படிக் காத்திருக்காது, தயாராக இருக்கும் கட்டளையை முதலில் முடித்துவிடும். அதன் வேகம் 2.2 கிகாஹெர்ட்ஸ்தான், ஜி35-ஐ விடக் குறைவு. ஆனாலும் ஆப் திறக்கும்போதே வித்தியாசம் தெரியும். 2019-இல் வந்த ஐபோன் 11-இன் ஏ13 சிப்பில் மொத்தமே ஆறு கோர்தான், ஆனாலும் எட்டு கோர் ஜி35-ஐ விட வேகம்!

சிப் எவ்வளவு நுணுக்கமாகத் தயாரிக்கப்பட்டது என்று காட்டப் போடும் நானோமீட்டர் எண்ணையும் அப்படியே நம்பக் கூடாது. குவால்காம் நிறுவனத்தின் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1, 8 பிளஸ் ஜென் 1 சிப்கள் இரண்டுமே 4 நானோமீட்டர்தான், கோர் வடிவமைப்பும் ஒன்றே. முதலாவதைத் தயாரித்தது சாம்சங், அடுத்ததைத் தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனம். சூட்டிலும் பேட்டரியிலும் இரண்டாவது தெளிவாகவே மேல். பெஞ்ச்மார்க் எனப்படும் வேகச் சோதனையின் மதிப்பெண்ணும் சில நிமிடங்களில் வருவது. அரை மணி நேரம் கேம் ஆடி, சூடேறிய பிறகு அதே வேகம் நிற்கிறதா என்பதை அது சொல்லாது.

அப்புறம் ஸ்டோரேஜ். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. எந்த வகை ஸ்டோரேஜ் போட முடியும் என்பதை முடிவு செய்வதே சிப்தான். ஹீலியோ ஜி85-க்கு மெதுவான இஎம்எம்சி வகை ஸ்டோரேஜ் மட்டும்தான், ஜி99-க்கு அதைவிட வேகமான யுஎஃப்எஸ் 2.2 வரை போடலாம். 8 ஜிபி ரேம் இருந்தும் போன் திணறினால் இதுவும் ஒரு காரணம்.

சிப் எந்த வருடம் வந்தது என்பதையும் பாருங்கள். பழைய சிப்பைப் புது மாடலில் வைத்து விற்பது சகஜம். சிப்பை ஆண்ட்ராய்டுடன் இணைக்கும் மென்பொருளான டிரைவர்களைச் சிப் நிறுவனம் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டால், போன் நிறுவனம் நினைத்தாலும் புதிய ஆண்ட்ராய்டு தருவது கஷ்டம். கோர், ஸ்டோரேஜ் விவரமெல்லாம் சிப் நிறுவனத்தின் இணையதளத்திலேயே இருக்கும். பணம் கட்டும் முன் அங்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.